சித்தப்பாவின் மஞ்சள் சீக்கோவை விற்கலாமா?

கேள்வி: ஐயா, நான் முள்ளியவளையில் இருக்கிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே விண்வெளிப் பயணம் என்றால் பைத்தியம். சித்தப்பா எழுபதுகளின் கடைசியில் குவைத்தில் வேலை செய்து வாங்கிவந்த சீக்கோ மணிக்கூடு இப்போது என்னிடம் இருக்கிறது. டயல் மஞ்சள், வெளிவளையம் நீலமும் சிவப்பும். நேரம் ஓடுகிறது. ஆனால் மேல் பொத்தானை அழுத்தினால் நீண்ட முள் நகரவில்லை. வவுனியாவில் ஒருவர் பார்த்துவிட்டு, இது விண்வெளிக்குப் போன மணிக்கூடு, 15,000 ரூபாய் தாறன் என்கிறார். கொடுக்கலாமா? இதிலிருந்து தொடங்கி விண்வெளியோடு தொடர்புள்ள பழைய மணிக்கூடுகளைச் சேர்க்கவும் ஆசை. மாதம் பத்தாயிரம்தான் ஒதுக்க முடியும். இணையத்தில் ஒருவர் யூரி ககாரின் படம் போட்ட ரஷ்ய மணிக்கூட்டை மலிவாக விற்கிறார். கனடாவில் இருக்கும் மாமா வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். அவரிடம் என்ன வாங்கிவரச் சொல்லலாம்?

பதில்: தம்பி, விற்கவேண்டாம். வவுனியாக்காரர் மணிக்கூட்டின் வகையைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். விலையைத்தான் தனக்கு வசதியாகச் சொல்லியிருக்கிறார். பாகங்கள் மாற்றப்படாமல் நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு வெளிநாட்டில் சில நூறு டொலர் கொடுக்க ஆள் இருக்கிறது. 15,000 ரூபாய் எத்தனை டொலர் என்று மாமாவிடமே கேட்டுப்பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளப்படி அது சீக்கோ 6139 வகை. பின்மூடியில் 6139-6002 அல்லது 6139-6005 என்று இருக்கவேண்டும். 6005 அமெரிக்கச் சந்தைக்குப் போனது. குவைத்தில் வாங்கியது என்றால் 6002 ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த மெஷின் 1969-இல் வெளிவந்தது. கை அசைய அசையத் தானாக முறுக்கேறும். அதோடு பொத்தானை அழுத்தி விநாடி எண்ணவும் முடியும். இப்படி இரண்டும் சேர்ந்த தானியங்கிக் குரோனோகிராஃப் அந்த வருடம்தான் உலகில் முதன்முதல் கடைக்கு வந்தது. சுவிஸ்காரர் முந்தினரா சீக்கோ முந்தினதா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை.

இனி அதன் விண்வெளிக் கதை. 1973 நவம்பரில் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாபுக்கு ஸ்கைலாப் 4 பயணத்தில் போன மூவரில் ஒருவர் வில்லியம் போக். பயிற்சியின்போது ரொக்கெட் இயந்திரம் எரியும் நேரத்தைப் பிடிக்க, சொந்தக் காசில் வாங்கிய மஞ்சள் டயல் சீக்கோ ஒன்றைத்தான் அவர் பாவித்துப் பழகியிருந்தார். நாசா அனுமதித்த மணிக்கூடு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். சீக்கோவுக்கு அனுமதியே கிடையாது. மனிதர் அதை விண்வெளி உடையின் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். 84 நாள் அது அவரோடு பூமியைச் சுற்றியது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவரைக்கும் விண்வெளிக்குப் போன முதல் தானியங்கிக் குரோனோகிராஃப் என்ற பெயர் ஜெர்மன் சின் கம்பனியின் மணிக்கூட்டுக்கு இருந்தது. அது போனது 1985-இல். இப்போது சேகரிப்பாளர்கள் உங்கள் வகை சீக்கோவை போக்கின் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

எடையற்று மிதக்கும் இடத்தில் தானியங்கி எப்படி முறுக்கேறும் என்று உங்கள் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். உள்ளே இருக்கும் பாரமான அரைவட்டத் தகடு கீழே விழ ஈர்ப்பு வேண்டும்தான். ஆனால் கையை வெட்டி அசைத்தால் கூடு திரும்பும், தகடு தன் சடத்துவத்தால் பின்தங்கும். அந்த வித்தியாசமே முறுக்குவதற்குப் போதும். பாடத்துக்கு நல்ல உதாரணம்.

சரி, இனித்தான் முக்கியமான விஷயம். சித்தப்பாவின் மணிக்கூடு விண்வெளிக்குப் போகவில்லை. அதே வகையைச் சேர்ந்த இன்னொன்று போனது. இந்தச் சந்தையில் நடக்கும் ஏமாற்று எல்லாம் இந்த இரண்டையும் குழப்புவதில்தான் இருக்கிறது. உண்மையிலேயே போய்வந்த மணிக்கூடுகள் வேறு உலகம். அப்பலோ வீரர்களுக்குக் கொடுத்த ஸ்பீட்மாஸ்டர்கள் அரசின் சொத்து, அவை விற்பனைக்கு வராது. விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட்டின் புலோவா மணிக்கூடு ஏலத்துக்கு வந்ததே அது அவருடைய சொந்தப் பொருள் என்பதால்தான். 1971-இல் அப்பலோ 15 பயணத்தில், இரண்டாவது முறை சந்திரனில் இறங்கி நடந்துவந்தபோது அவருடைய ஒமேகாவின் கண்ணாடி கழன்றிருந்தது. மூன்றாவது நடைக்கு அந்த புலோவாவைக் கட்டிக்கொண்டு போனார். 2015-இல் அது 16 இலட்சம் டொலருக்கு மேல் போனது. ஆகவே யாராவது உங்களிடம் விண்வெளிக்குப் போன மணிக்கூடு என்று சொல்லி ஒன்றைக் காட்டினால், அவருக்கு விஷயம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நம்மைப்போன்றவர்கள் சேர்க்கக்கூடியது போன மணிக்கூட்டின் அதே மொடலை, அதே காலத்தில் செய்யப்பட்டதை. அப்படிச் சேர்க்கும்போது நீங்கள் காசு கொடுப்பது கதைக்கு அல்ல, பாகங்கள் அந்தக் காலத்தவையாக இருப்பதற்கு. டயல், முள், மெஷின், பின்மூடி எல்லாம் ஒரே மணிக்கூட்டில் ஒன்றாகப் பிறந்தவையா என்பதுதான் கேள்வி.

இதில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். 1957-இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் மொடல் ஒன்று 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. வாங்கியது வேறு யாருமல்ல, ஒமேகா கம்பனியேதான், தன் அருங்காட்சியகத்துக்கு. 2023-இல் பார்த்தால் அது பல இடத்துப் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று தெரியவந்தது. செய்த கம்பனிக்கே இந்தக் கதி என்றால், கைத்தொலைபேசியில் நாலு படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு என்ன நடக்கும்?

அதனால்தான் அந்த ககாரின் மணிக்கூட்டை வாங்கவேண்டாம் என்கிறேன். 1961 ஏப்ரல் 12-ஆம் திகதி ககாரின் முதல் மனிதராக விண்வெளிக்குப் போனபோது அவர் கையில் இருந்தது ஸ்தூர்மான்ஸ்கி, மொஸ்கோ முதலாம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் செய்தது. அது சோவியத் விமானப்படையினருக்குக் கொடுக்கப்பட்டது. கடையில் வைத்து விற்கவில்லை. அந்தக் காலத்து அசல் டயலில் ககாரின் முகம் எப்படி இருக்கும்? முகமும் ரொக்கெட்டும் நட்சத்திரமும் வர்ணத்தில் மின்னினால், பபேதா என்ற பழைய சோவியத் மணிக்கூட்டின் மெஷின் ஒன்றுக்குப் பின்னாளில் அச்சடித்த டயலைப் பூட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் அழகுக்கு வைக்க வாங்குவதென்றால் அது உங்கள் விருப்பம், சேகரிப்பில் சேராது. இந்தியாவிலிருந்து வரும் பழைய ஃபாவ்ர் லூபா, எச்எம்டி, சீக்கோ 5 ஆகியவற்றிலும் இதே சங்கதிதான். டயலைச் சுரண்டிப் புதிதாக வர்ணம் அடித்து அனுப்புகிறார்கள். தூரத்தில் வடிவாக இருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடி வைத்தால் எழுத்து தடித்து, கோடு கோணியிருக்கும்.

உங்கள் சீக்கோவையும் அதே கண்ணோடு பாருங்கள். பின்மூடியில் ஆறு இலக்கத் தொடர் எண் இருக்கும். முதல் இலக்கம் வருடம், இரண்டாவது மாதம். 78 என்று தொடங்கினால் 1977 ஓகஸ்ட். ஒக்டோபருக்கு ஓ, நவம்பர் டிசம்பருக்கு என், டி என்ற ஆங்கில எழுத்துகள். டயலில் நீர் பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள்: ஆரம்பகாலத்தவற்றில் நீர் புகாது என்ற பொருளில் புரூஃப் என்றும், பிந்தியவற்றில் ரெசிஸ்ட் என்றும் அச்சிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் செய்த பின்மூடியோடு புரூஃப் டயல் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். டயலின் அடிவிளிம்பில் 6139 என்று தொடங்கும் மிகச் சிறிய எழுத்து கூர்மையாக இருக்கவேண்டும். இந்த மொடலுக்குப் புதுசு புதுசாக மஞ்சள் டயல்கள் செய்து விற்கிறார்கள். அவற்றில் அந்த எழுத்து ஊறின மைபோலத் தடித்திருக்கும். வெளிவளையச் சிவப்பு வெளிறி ரோசாவாகியிருந்தால் கவலைப்படாதீர்கள். ஐம்பது வருட வெயிலுக்கு அது அப்படித்தான் ஆகவேண்டும். வெளிறாமல் பளபளத்தால்தான் யோசிக்கவேண்டும்.

பெட்டி இருக்கிறதா, உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். வன்னியில் அதைக் கேட்டால் என்ன சொல்வது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடினபோது கையில் கட்டியிருந்தது வந்தது, அலுமாரியில் இருந்தது போய்விட்டது. அதற்காக உங்கள் மணிக்கூடு குறைந்துபோகாது. சித்தப்பா எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்த வேலை செய்து வாங்கினார் என்று இப்போதே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். குவைத்தில் இருந்து அனுப்பிய படம் ஏதாவது வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் தப்பியிருக்கும். அந்தக் காலத்தில் மணிக்கூட்டுக் கை தெரியத்தான் நின்று படம் எடுப்பார்கள். அப்படி ஒரு படம் கிடைத்தால் அது எந்தப் பெட்டியையும் விடப் பெறுமதி.

இனி மாதம் பத்தாயிரம் பற்றி. அந்தக் காசுக்கு மாதம் ஒன்று வாங்கினால் வருட முடிவில் பன்னிரண்டு குப்பைதான் மிஞ்சும். சேர்த்துவைத்து வருடத்துக்கு ஒன்று வாங்குங்கள். முதல் சில மாதக் காசு உங்கள் சீக்கோவின் சேர்விசுக்குப் போகட்டும்.

ஸ்பீட்மாஸ்டர் ஆசை வரும், தெரியும். அதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பத்து இலட்சத்துக்குக் குறைந்து நல்ல பழசு கிடைப்பது அரிது. என்றாலும் இந்தத் துறையில் அதைத் தெரியாமல் இருக்க முடியாது. 1962 ஒக்டோபரில் அமெரிக்க வீரர் வோலி ஷிரா தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரோடு விண்வெளிக்குப் போனார், அப்போது அதற்கு எந்த அங்கீகாரமும் இல்லை. பிறகு நாசா ஒமேகா, ரோலெக்ஸ், லோஞ்சின்ஸ்-விட்னோர் மூன்றையும் சோதித்தது. 71 பாகை செல்சியசில் இரண்டு நாள், 93 பாகையில் அரை மணித்தியாலம், உறைநிலைக்குக் கீழே 18 பாகைக் குளிர், 95 வீத ஈரப்பதனில் பத்து நாள், வெற்றிடம், அதிர்வு, 40 மடங்கு ஈர்ப்பு அளவுக்கு அடி. தாக்குப்பிடித்தது ஒமேகா. 1965 மார்ச் முதலாம் திகதி அனுமதி கிடைத்தது. அந்த யூனில் எட் வைட் விண்வெளியில் மிதந்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். 1969 யூலையில் சந்திரனில் ஓல்ட்ரினின் கையிலும் அதுவே. ஆம்ஸ்ட்ரோங் தன்னுடையதைக் கலத்துக்குள் விட்டுவிட்டு இறங்கினார், உள்ளே இருந்த மின்னணு நேரமானி வேலை செய்யாததால். ஓல்ட்ரினின் மணிக்கூடு பின்னர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும்போது தொலைந்துபோய் இன்றுவரை கிடைக்கவில்லை. அப்பலோ 13 திரும்பி வரும்போது 14 விநாடி இயந்திரம் எரிந்ததை ஸ்பீட்மாஸ்டரில்தான் எண்ணினார்கள்.

எப்போதாவது ஒரு ஸ்பீட்மாஸ்டர் கைக்கு எட்டினால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். சந்திரனில் முதன்முதல் அணிந்த மணிக்கூடு என்று ஆங்கிலத்தில் வெட்டிய பின்மூடி, சந்திரனுக்குப் போன பிறகு வந்தது. சந்திரனுக்குப் போனவற்றுக்குள் இருந்த மெஷின் 321. 1968-இலிருந்து அதற்குப் பதிலாக 861 வரத்தொடங்கிவிட்டது. உள்ளே 321, வெளியே அந்த வெட்டெழுத்து என்றால் மூடி வேறு மணிக்கூட்டுடையது. மற்றது, இருட்டில் ஒளிரும் பூச்சு. அறுபதுகளின் டயலில் ஆறு மணிக்குக் கீழே இரண்டு டி எழுத்து இருந்தால் அது திரித்தியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 12.3 வருடம்; கணக்கை நீங்களே போட்டுவிடுவீர்கள். 1968-ஆம் வருட டயல் இன்றைக்கும் இரவு முழுக்க ஒளிர்ந்தால் பூச்சு புதிசு.

அதற்கு முந்திய மணிக்கூடுகளில், ரஷ்யாவுடையவற்றிலும்தான், ரேடியப் பூச்சு இருக்கலாம். ஒளிரவில்லை என்பதற்காகப் பயமில்லை என்று நினைக்கவேண்டாம். ஒளிரும் பொருள்தான் செத்தது, ரேடியத்தின் அரைவாழ்வு 1600 வருடம். கட்டலாம், ஆனால் வீட்டில் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டக்கூடாது. அந்தத் தூசி மூக்குக்குள் போவதுதான் ஆபத்து.

உங்கள் காசுக்கு எட்டக்கூடியவை என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது கசியோ டிடபிள்யூ-5600சி. 1987-இல் வந்தது, அமெரிக்க விண்ணோட வீரர்கள் கட்டிப் போனது, நாசாவின் பரிசோதனையிலும் தேறியது. சேகரிப்பாளர்களில் சிலர் மின்கல மணிக்கூடு என்று முகம் சுளிப்பார்கள். அது வெறும் பகட்டு. பின்மூடி திருகி மூடும் எஃகாக இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பு நடைபாதையில் கிடைக்கும் போலிகளில் அது இருக்காது. வெளிக்கூட்டு றெசின் வயது போனால் நம்முடைய வெக்கையில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், அதைமட்டும் எதிர்பார்த்து வாங்குங்கள்.

ரஷ்யப் பக்கம் ஆசை என்றால் போல்யோட் என்ற ரஷ்யப் பெயரில் வந்த, 3133 மெஷின் உள்ள எண்பதுகளின் குரோனோகிராஃப் ஒன்றுக்குக் காத்திருக்கலாம். சோவியத் வீரர் லியோனோவ் 1965-இல் முதன்முதல் விண்வெளியில் நடந்தபோது கட்டியிருந்த ஸ்திரேலா மணிக்கூட்டின் விலை இப்போது எட்டாது. புலோவா அக்யுட்ரோன் இன்னொரு சுவையான பொருள். 1960-இல் வந்தது. உள்ளே சமநிலைச் சக்கரமே இல்லை, விநாடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவை இருக்கிறது. காதில் வைத்தால் ரீங்காரம் கேட்கும். அதன் தொழில்நுட்பத்தை நாசா தன் கருவிகளுக்குள் பாவித்தது. உங்கள் வகுப்புக்கு அதைவிட நல்ல கருவி இல்லை, ஆனால் தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது 1.35 வோல்ட் இரச மின்கலத்துக்குச் செய்தது, அது இப்போது விற்பனையில் இல்லை. 1.55 வோல்ட் போட்டால் பல நேரம் கன்னாபின்னாவென்று முந்தி ஓடும், சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் தலைமயிரை விட மெல்லிசு. குறடு ஒருமுறை பட்டால் முடிந்தது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாசா சோதித்தது புதிய மணிக்கூட்டை, புதிய றப்பர் வளையத்தோடு. உங்கள் மணிக்கூட்டில் 70 மீற்றர் என்று எழுதியிருந்தால் அது குவைத்துக் கடையில் இருந்த நாளுக்குரிய வாக்குறுதி. இன்றைக்கு அந்த றப்பர் தாராக உருகியிருக்கும். குளத்துக்குள் இறங்கவேண்டாம், மாரி மழையில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது கட்டவேண்டாம். கச்சான் காலத்துச் செம்மண் தூசியும் வியர்வை உப்பும் பொத்தானின் இடுக்கில் சேர்ந்து கல்லாகிவிடும். உங்கள் முள் நகராததற்கு அநேகமாக அதுதான் காரணம், அல்லது உள்ளே கிறீஸ் காய்ந்திருக்கும். இனி அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கவே வேண்டாம், உள்ளே நெம்பு உடையும். துருநீக்கித் தெளிப்பான் அடிக்கிறவரிடமும் கொடுக்காதீர்கள். இந்த மெஷினில் விநாடி முள்ளை இணைப்பது உராய்வில் பிடிக்கும் கிளச். அதில் எண்ணெய் ஊறினால் முள் வழுக்கும். திறக்கும் முன் அவரிடம் 6139-இன் கிளச்சை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் மணிக்கூட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பழசைப் புதிசாக்கித் தாறன் என்று கூட்டைச் சக்கரத்தில் போட்டு உரஞ்சுகிற பழக்கம் நம்மூர்க் கடைகளில் உண்டு. அதற்கும் சம்மதிக்கவேண்டாம். ஓரங்கள் மழுங்கினால் பாதி விலை அங்கேயே போய்விடும். கழுவித் துடைத்தால் போதும்.

மாமாவிடம் ஸ்பீட்மாஸ்டர் வடிவில் வரும் மூன்ஸ்வொட்ச் வாங்கிவரச் சொல்ல யோசித்திருப்பீர்கள். 2022-இல் வந்த மின்கல மணிக்கூடு அது, கட்டி மகிழலாம், பழம்பொருள் அல்ல. அதைவிட 6139-க்குரிய பின்மூடி வளையம், பொத்தான் வளையங்கள், முறுக்குச்சுருள், ஒரு கண்ணாடி, இவ்வளவையும் வாங்கிவரச் சொல்லுங்கள். சின்னப் பொதிதான், இங்கே கிடைப்பதில்லை. குமிழைச் சுற்றும்போது உள்வளையம் சுழலவில்லை என்றால் அதைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமும் தேவைப்படும். டயல் மட்டும் வாங்கவேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். மஞ்சளாகப் பளபளக்கிறதென்று ஆசைப்பட்டு அதையும் சேர்த்து வாங்கிவந்துவிடுவார்.